பினாங்கில் கடைசி நாள்

ஓர் ஊரைப் பார்க்கச் செல்பவர்க்கு முதல் நாள் கண்ணின் நாள். கடைசி நாள் கருத்தின் நாள். முதல் நாளில் எதைக் கண்டாலும் வியப்பே மிகும். கடைசி நாளிலோ, மாலையில் வண்டி ஏறவேண்டும் என்ற நினைவு காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நாம் கண்டது என்ன, காணாது விட்டது என்ன?" என்ற கணக்கும் உடனே தொடங்கிவிடுகிறது.

பினாங்கில் நாம் மூன்று நாள் தங்கினோம். கெடாவில் பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்த எண்பது வயது மூதாட்டி ஒருவரும் அவருடைய பேரனும் நம்முடன் வந்திருந்தனர். முதல் இரண்டு நாட்களில் 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறிக் கொடிமலையைக் கண்டோம். தண்ணீர்மலைக்கும் சீனர்களின் கெக் லோக் சி கோயிலுக்கும் சென்றோம். இவற்றைப் பற்றி எழுதியோர் பலர்; ஆதலின் நாம் எழுதவேண்டுவதில்லை. மூன்றாம் நாளை ஜார்ஜ் டவுன் பட்டணத்துக்கென்றே ஒதுக்கி, மாலைப் படகு வரையில் கால்நடையாகவே சுற்றினோம். அன்று கண்டதையும், கண்டதனால் எழுந்த எண்ணங்களையுமே இங்கே எழுதுகிறோம்.

காலையில் கடலோரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றோம். வாயிலுக்கு உள்ளே பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டவர் இவர். தீவுக்கு வேல்ஸ் இளவரசர் பெயரையும் பட்டணத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரையும் இட்டார். தீவில் முன்பே வாழ்ந்திருந்த மலாய் மக்களின் பெயர் எதிலும் ஏறவில்லை. கெடா சுல்தான் தம் பகைவருக்கு எதிராகப் படைத்துணை கிடைக்கும் என்று நம்பித் தீவைக் கொடுத்தார். துணை வரவில்லை. 1791-ல் அவர் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டொன்றுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்ற ஒப்பந்தத்தோடு அமைதியுறவேண்டியதாயிற்று. சிலையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1936-ல் இதை வார்க்கும்போது லைட்டின் உருவப்படம் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்த அவர் மகன் வில்லியமின் முகச்சாயலைக்கொண்டு வார்த்தார்கள். பெயர் தந்தையுடையது, முகம் மகனுடையது! சரித்திரம் பெரியவர்களுக்கு முகம் இல்லாதபோதும் ஒரு முகத்தைத் தேடிக் கொடுக்கிறது. சிறியவர்களுக்கு முகம் இருந்தும் பெயரைக்கூட விட்டுவைப்பதில்லை.

கோட்டை முதலில் நிபோங் பனைமரங்களை நட்டு அடைத்த வேலியாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் செங்கல்லால் எழுந்தது. அக்காலத்துக் காட்டைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. புதரை வெட்ட ஆட்களுக்கு மனம் வராமையால், லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை இட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடும் ஆசையில் காடு வெட்டப்பட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, காடு வெட்டிய கைகள் மெய். ஆனால் கதையில் பீரங்கிக்கும் காசுக்கும் உள்ள இடம் அக்கைகளுக்கு இல்லை.

கோட்டை மதிலின்மேல் 'ஸ்ரீ ரம்பை' என்னும் டச்சுப் பீரங்கி கிடக்கிறது. 1603-ஆம் ஆண்டு என்று அதன்மேல் பொறித்திருக்கிறது. மகப்பேறு வேண்டும் பெண்கள் இதன் வாயில் பூவைத்து வணங்கும் வழக்கம் இருந்ததாகச் சொல்லுவர். உயிரைக் கொல்லச் செய்த குழாயிடம் உயிரைக் கேட்டு நிற்கும் அறியாமையை என்னென்பது! மூதாட்டியார் அதை ஒரு முறை தொட்டுப் பார்த்து, "நல்ல வெங்கலம்" என்று மட்டும் சொன்னார். பேரன்தான் கேட்டான்: "பாட்டி, இந்தச் சுவரை எல்லாம் கட்டினது யாரு?"

நம்மிடம் விடை இருந்தது. கம்பெனியார் 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே இந்தியாவில் தண்டனை பெற்ற கைதிகளைக் கப்பலேற்றி இத்தீவுக்கு அனுப்பலாயினர். தீவாந்தர சிட்சை என்று நம் முன்னோர் அஞ்சிய தண்டனை இதுவே. வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் அவர்கள் வந்தார்கள். சாலை போட்டவர்களும் சதுப்பைத் தூர்த்தவர்களும் அவர்கள். கோட்டையின் செங்கல் சுவர் அவர்கள் உழைப்பு. கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் வெள்ளைத் தூண்களோடு விளங்கும் புனித ஜார்ஜ் தேவாலயமும் 1818-ல் அவர்கள் கையாலேயே முடிந்தது. தென்கிழக்கு ஆசியாவிலேயே பழமையான ஆங்கிலிக்கன் தேவாலயம் என்று புகழ்பெற்றது அது. அதை வரைந்த காப்டன் ராபர்ட் ஸ்மித் என்பவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரையும் அங்குக் காணோம்.

பெயர் எழுதப்படவே இல்லை என்றும் சொல்லுவதற்கில்லை. வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் கொடுமை 1849 வரையில் சட்டமாக இருந்தது. கல்லின்மேல் எழுதவேண்டிய பெயர்களைக் கவனியாத அரசு, நெற்றியின்மேல் எழுதவேண்டிய குற்றத்தை மறவாமல் எழுதியது. அவர்களில் கொலைஞரும் கள்வரும் இருந்தனர்; இல்லை என்று நாம் வாதாடவில்லை. ஆனால் தம் நாட்டைத் தம்முடையது என்று சொன்ன குற்றத்துக்காக இத்தீவுக்கு வந்தவரும் உண்டு. அவர்களில் ஒருவரை இங்கே நினைக்காமல் கோட்டையைவிட்டு நகர எமக்கு மனம் வரவில்லை.

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களைத் தமிழர் அறிவர். 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் கம்பெனியார் அவ்விருவரையும் தூக்கிலிட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது ஏறக்குறைய பதினைந்து வயதுச் சிறுவர். 1802-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரையும், அப்போரில் பிடிபட்ட எழுபதுக்கு மேற்பட்டோரையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினர். பாய்மரக் கப்பல் வங்கக் கடலைக் கடந்து இக்கரை சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1818-ல் பினாங்குக்கு வந்தார். போர் மூளுமுன் இவர் சின்ன மருதுவோடு நட்புப் பூண்டு, அவரிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். பின்னர் அம்மருதுவையே எதிர்த்துப் போரிட்ட படையிலும் இருந்தவர். பினாங்கில் ஒரு நாள், நலிந்து தளர்ந்த முதியவர் ஒருவர் இவர் முன்னே வந்து நின்றார். யார் என்று இவருக்குத் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைச்சாமி! முப்பது வயதை ஒட்டியவரைத் தீவு கிழவராக்கியிருந்தது. ஊரில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகவேண்டும் என்பதே அவர் கேட்ட உதவி. விதி அதற்கு இடந்தரவில்லை, வெல்ஷ் மறுக்கவேண்டியதாயிற்று. தம் நெஞ்சை வருத்திய இச்சந்திப்பை, 1830-ல் வெளியான தம் படைவாழ்க்கை நினைவு நூலில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியிராவிட்டால் இச்சந்திப்பு நமக்குத் தெரிய வழியில்லை.

நாமோ மூன்று நாளில் ஊர் திரும்பச் சீட்டு வாங்கி வந்தவர்கள். "ஐயோ, இன்று கடைசி நாளாயிற்றே" என்று காலையில் வருந்தியவர்கள். கடைசி நாள் எது என்றே குறிக்கப்படாமல் இக்கடலைப் பார்த்து நின்றவரின் நினைவு வந்ததும், நம் வருத்தத்துக்காக நாமே நாணினோம்.

கோட்டையைவிட்டு, பழைய பிட் தெருவழியே பட்டணத்துக்குள் சென்றோம். இப்போது அத்தெருவுக்கு மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெரு என்று பெயர். ஒரு முனையில் புனித ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர் வணங்கும் கருணைத் தாயின் கோயில். அதற்கப்பால் மாரியம்மன் கோயிலின் பின்புறம். இறுதியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நான்கு சமயங்கள் அரை மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன. பார்க்க வருபவர்கள் இதை ஒற்றுமைத் தெரு என்று போற்றுகிறார்கள். போற்றுதற்குரியதே.

பள்ளிவாசலை 1801-ல் நிறுவியவர் காதர் மைதீன். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர், அதாவது கப்பித்தான். 'கெலிங்' என்னும் சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது. அக்காலத்தில் தென்னிந்தியரைப் பொதுவாகக் குறித்தது. பிற்காலத்தில் அதுவே நம்மவரை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. வசைச்சொல்லாய்க் கேட்டு நாம் மனம் புண்பட்ட அச்சொல், இங்கே ஒரு தலைவரின் பட்டமாகத் தெருப்பலகையில் நிற்கிறது. சொற்களுக்கும் ஏற்றமும் வீழ்ச்சியும் உண்டு. மக்களின் நிலை தாழ்ந்தால் அவர்கள் பெயரும் தாழ்கிறது.

அருகில் சூலியாத் தெரு. சூலியர் என்பது கரையோரத் தமிழ் முஸ்லிம்களுக்கு அக்காலத்து வழங்கிய பெயர். 1794-ல், தாம் இறந்த ஆண்டிலேயே, லைட் கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில் இவர்களைக் குறிப்பிடுகிறார்: கடைக்காரரும் கூலிக்காரருமாக ஏறக்குறைய 1,000 பேர் குடும்பத்தோடு இங்கே குடியேறியிருந்தனர், இவர்களையன்றி ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடவர் கரையிலிருந்து கப்பலில் வந்து, உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு திரும்ப, வேறு சிலர் அவர்கள் இடத்துக்கு வந்தனர். பட்டணத்துக்கு எட்டு வயது ஆகும்போதே நம்மவர் இங்கே ஆயிரக்கணக்கில் இருந்தனர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று எவரேனும் சொன்னால், நாம் கோபிக்கவேண்டுவதில்லை. இந்த ஆண்டை எடுத்துச் சொன்னால் போதும்.

இச்சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த தர்கா உள்ளது. குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் படகு தள்ளியவரும் வணங்கிய கோயில் அது. கப்பல் தளத்தில் ஒரே வெயிலில் கிடந்து, ஒரே பீப்பாய்த் தண்ணீரைக் குடித்து வந்தவர்கள் கரை சேர்ந்ததும் 'நீ யார், நான் யார்' என்று மறுபடி கோடு கிழித்துக்கொண்டதும் உண்டு. கடல் அழித்ததைக் கரை மீண்டும் எழுதியது. அக்கோட்டை இன்னமும் தம் வீட்டுவாசலில் வைத்திருப்போர் இத்துறைமுகத்தில் ஒரு நாள் நின்று யோசிப்பார்களாக.

நண்பகலில் நாசி கண்டார்க் கடையொன்றில் உணவு கொண்டோம். ஐரோப்பியரும் சீனரும் வரிசையில் நிற்கும் இவ்வுணவும் துறைமுக உழைப்பிலே பிறந்ததுதான். தோள்மேல் கம்பைக் கிடத்தி, ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றுவந்தனர். கம்பில் சுமப்பதையே மலாய் மொழியில் கண்டார் என்பர். பெயரில் மட்டும் அந்தத் தோள் மிஞ்சியிருக்கிறது.

பிற்பகலில் மீண்டும் கடற்கரைக்கு வந்து விக்டோரியா மணிக்கூண்டைக் கண்டோம். அரசியார் முடிசூடி அறுபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 1897-ல் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் அளித்த கொடை இது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். 1902-ல் கட்டி முடிந்தபோது அரசியார் உயிரோடு இல்லை. கூண்டு சற்றே சாய்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியே காரணம் என்பர்.

அக்குண்டுகளைப் பற்றி ஒரு தமிழர் கதை உண்டு. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இப்பட்டணத்தைத் தாக்கின. கடைத்தெருக்களில் மக்கள் கூட்டம் கூட்டமாய் மடிந்தனர். அரசாண்ட ஐரோப்பியர் டிசம்பர் 16-ஆம் நாள் இரவுக்குள் ஓசையின்றிக் கப்பலேறிவிட்டனர்; ஆசியரைத் தம்முடன் அழைத்துச் செல்லவில்லை. 155 ஆண்டுகள் "உங்களைக் காக்கிறோம்" என்று சொல்லி வரி வாங்கியவர்கள், காக்கவேண்டிய அன்று காணாமற்போயினர். கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டும் விழும். அப்போது 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து கோட்டைக்குச் சென்று அக்கொடியை இறக்கினார். எல்லா இனத்தவரும் அடங்கிய குழுவொன்று அவர் தலைமையில் நகரின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டது. ஆங்கிலேயர் நீங்கிவிட்டனர், இனிக் குண்டு வீசவேண்டா என்று வானொலியிலும் ஜப்பானியருக்கு அறிவிக்கப்பட்டது. 19-ஆம் நாள் ஜப்பானியர் உள்ளே வந்தனர். பின்னர் அவரையே சிறையிலும் அடைத்தனர்.

காலையில் கோட்டையில் நாம் லைட்டின் சிலையைக் கண்டோம். கொடியை ஏற்றியவர் சிலை அது. கொடியை இறக்கி ஊரார் உயிரைக் காக்க முயன்றவரை நினைவூட்ட அங்கே ஒன்றையும் காணோம். ஏற்றுதற்குப் படையும் பீரங்கியும் துணை இருந்தன. இறக்கியவருக்குத் தம் துணிவே துணை. இரண்டில் எது பெரிய செயல் என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

வெயில் தாழத் தொடங்கியது. படகுத்துறையை நோக்கி நடந்தபோது, நாள் முழுவதும் அதிகம் பேசாதிருந்த மூதாட்டியார் நின்றார். "ஐயா, இவ்வளவும் காட்டினீங்க. எங்க அப்பாரு கப்பலைவிட்டு இறங்கின இடம் எது? அதைக் காட்டலியே" என்றார்.

நாம் திகைத்தோம். அவர் தந்தையார் 1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறி வந்தவர். அதற்குமேல் மகளுக்கு ஒன்றும் தெரியாது. 1926-ல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரையில் இக்கடலில் ஓடியது. அதன்பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பற்றியதோடு அவ்வழியின் பயணிக் கப்பல் முடிவுற்றது. 1910-ல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் கங்காணிகள் மூலம் ஆள் வந்தது. 1938-ல் இந்திய அரசு அதையும் தடுத்தது. இவ்வளவு ஆண்டுகளையும் சொல்ல நமக்குத் தெரிந்தது. ஆனால் "இந்த இடம்" என்று விரலால் காட்ட ஓரிடம் தெரியவில்லை.

படகு புறப்பட்டது. தெற்கே, பெரிய பாலத்துக்கு அப்பால், நீரின்மேல் கரும்பச்சையாக ஒரு மேடு தெரிந்தது. "அம்மா, அதுதான் ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய் உண்டா என்று பார்க்க முதலில் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். உங்கள் தகப்பனார் முதலில் கால் வைத்த மண் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்" என்றோம். தொழுநோயாளர் விடுதியும் குவாரண்டைன் முகாமும் அங்கே பல பத்தாண்டுகள் இருந்தன. 1969 முதல் 1993 வரை அதே தீவு சிறையாகவும் இருந்தது. மூதாட்டியார் தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டு, படகு பட்டர்வொர்த் துறையை அணையும்வரை அம்மேட்டையே பார்த்திருந்தார். அவரைப் பொறுத்தவரையில் மூன்று நாளில் கண்ட ஊர் அதுவே. பேரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கொள்ளுத்தாத்தா பேரு என்ன பாட்டி?" என்று முதன்முறையாகக் கேட்டான். அவர் சொன்னார். அவன் அதைத் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டான்.

2008-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகராக ஏற்றது. அதனால் கட்டிடங்களுக்குக் காவல் கிடைத்தது; மகிழ்ச்சியே. மனிதருக்குக் காவல் யார்? வெல்ஷ் எழுதியதால் துரைச்சாமி பிழைத்தார். நம் தந்தையரையும் பாட்டன்மாரையும் எழுத எந்த வெள்ளைத் துரையும் வரப்போவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, அவற்றை நினைவில் வைத்திருப்போரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர்.

தோழர்களே, பினாங்குக்குச் செல்லுங்கள். மலையையும் கோயிலையும் பாருங்கள். வேண்டா என்பார் யார்? ஆனால் வீட்டிலுள்ள ஒரு முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைசி நாளிலேனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம்? கேட்டதை அன்றிரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவருக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அது சீட்டில் அச்சிட்டு வருவதில்லை.